கிணற்று நீர், இருபது நிமிடம்

ஏப்ரல் 21

செடிகள் இடுப்பளவு வந்துவிட்டன. பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு நாற்பது. போன ஆகஸ்டில் நட்டதில் இருபத்தொன்றுதான் செத்திருக்கின்றன.

வெள்ளைக்கல் சுரங்கத்தை ஒட்டிய நிலம் இது. மண்ணில் நிக்கல் இருக்கிறது. தோண்டி எடுக்கும் அளவுக்கு இல்லை. பயிரை நிம்மதியாக வளரவிடும் அளவுக்குக் குறைவாகவும் இல்லை. சோளம் போட்டால் மாட்டுக்குப் போடத் தண்டும் தோகையுமாகத் தட்டு கிடைக்கும், கதிர் கிடைக்காது. எங்கள் செடி கீழாநெல்லிக்குத் தூரத்து உறவு. வேர் வழியாக அந்த உலோகத்தை உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும். கிளையை வெட்டிக் காயவைத்து எரித்தால், சாம்பலில் நிக்கல். வெட்டிய இடத்தில் மறுபடி துளிர்க்கும். ‘குழி இல்லாத சுரங்கம்’ என்று திட்டத் தலைவர் டாக்டர் சம்பந்தம் எல்லாக் கூட்டங்களிலும் சொல்வார். சென்னையில் இருந்துகொண்டு சொல்வார். இங்கே வெள்ளைக்கரட்டில் வாடகை வீடு எடுத்துத் தங்கி, செடியை அளந்து பதிவேட்டில் எழுதுவது என் வேலை.

நிலம் இருசாயி அக்காவுடையது. இருபது சென்ட் எங்களுக்கு விட்டிருக்கிறார். மீதி ஒரு ஏக்கரில் மாட்டுக்குச் சோளம். வந்த புதிதில் செடியைப் பற்றி விளக்கியபோது கேட்டார்: “வண்டி சைலன்சர்ல பளபளன்னு பூசறாங்களே, அந்த நிக்கலா மேடம்?”

“அதேதான் அக்கா.”

“அதையா இது திங்குது? அப்ப ஆணிச்செடின்னு சொல்லுங்க.”

அன்றிலிருந்து ஊரில் இதற்கு அதுதான் பெயர்.

ஏப்ரல் 28

வெயில். உயரம் அளந்தேன். பதிவேட்டில் எழுதினேன்: கிணற்று நீர், இருபது நிமிடம். அரிசி தீர்ந்துவிட்டது, ரவையைக் கிண்டிச் சமாளித்தேன்.

மே 3

கு.வின் தங்கை கூப்பிட்டாள். அவருக்கு இதயத்தில் மூன்று அடைப்பாம். வியாழக்கிழமை ஆபரேஷன். பிரிந்து நான்கு வருடம் ஆன பிறகு எனக்கு எதற்குச் சொல்கிறாள் என்று கேட்கவில்லை. இந்த நான்கு வருடமும் டைரியில் அவர் பெயர் ஒற்றை எழுத்துத்தான். இன்றைக்கு மட்டும் முழுதாக எழுதினால் என்னவோ போல் இருக்கும்.

மே 4

நாளைக் காலை பஸ். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிட்டு இரண்டு நாளில் திரும்பிவிடுவேன். அலுவலகத்துக்குச் சொல்லவில்லை. விடுப்புப் படிவத்தில் யாருக்கு உடல்நிலை சரியில்லை, என்ன உறவு என்று கேட்டிருப்பார்கள். இருசாயி அக்காவிடம் சாவியைக் கொடுத்தேன். தண்ணீர் விடச் சொன்னேன்.

“சொந்தக்காரங்களுக்கு மேலுக்குச் சொகமில்லீங்களா?”

“தெரிஞ்சவங்க.”

“தெரிஞ்சவங்களுக்கு ஹார்லிக்ஸ் ரெண்டு பாட்டிலா?” என்றார். பையின் ஜிப்பை மூடினேன்.

மே 9, திருச்சி

ஆபரேஷன் நேற்று முடிந்தது. நன்றாக முடிந்தது என்கிறார்கள். இருசாயி அக்கா போன் செய்தார். கிணற்றில் மோட்டார் காற்றை இழுக்கிறதாம். தண்ணீர் பற்றி இன்னும் ஏதோ கேட்டார். அப்போதுதான் கு.வை ஸ்ட்ரெச்சரில் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மே 13, திருச்சி

உப்பில்லாத கஞ்சி. பாதி குடித்தார். “ஒனக்கு வேலை இல்லையா?” என்றார். இருக்கிறது என்றேன். “என்னவோ செடி வளக்கறியாமே.” ஆமாம் என்றேன். பிறகு ஃபேனைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். மீதிக் கஞ்சியை நான் குடித்தேன்.

மே 21

இரண்டு நாள் பதினாறு நாள் ஆகிவிட்டது.

செடிகள் வாடிக் கிடக்கும் என்று நினைத்து வந்தேன். கீழே சாலைப் பக்கம் இருந்து எட்டு வரிசையும் பச்சைப்பசேல். மேட்டில் இருக்கும் நாலு வரிசை மட்டும் தலை தொங்கி, பாதி இலை உதிர்ந்து நிற்கின்றன.

“எப்படி வச்சிருக்கேன் பாத்தீங்களா?” என்றார் இருசாயி அக்கா. “மேல நாலு வரிசைக்குத்தான் ஒண்ணும் பண்ண முடியல. முட்டி ஒத்துக்க மாட்டேங்குது. கொடத்தத் தூக்கிட்டு மேடேற முடியலீங்க.”

கிணற்றுத் தண்ணீர் குழாயில் வரும். குடம் எதற்கு என்று கேட்கவில்லை. பயணக் களைப்பு.

பதிவேட்டில் பதினாறு நாள் வெறுமையாக இருந்தது. உட்கார்ந்து எழுதினேன். கிணற்று நீர், இருபது நிமிடம். கிணற்று நீர், இருபது நிமிடம். எல்லாம் ஒரே மையில் இருந்தால் நன்றாக இருக்காது என்று நடுவில் பேனாவை மாற்றிக்கொண்டேன்.

மே 22

நல்ல மழை. கிணற்றில் ஆறடி ஏறியிருக்கிறது.

ஜூன் 12

முதல் வெட்டு. முழங்கால் உயரம் விட்டுவிட்டு வெட்டினோம். வெட்டிய இடத்தில் கசியும் சாறு இளம்பச்சை. அக்கா விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு மண்ணில் துடைத்துக்கொண்டார். மாடுகள் இரண்டும் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன, செவலையும் மயிலையும். ஒரு கிளைகூட அவற்றின் வாய்க்குப் போய்விடக் கூடாது என்று எண்ணி எண்ணிக் கட்டினேன்.

ஜூன் 16

இலைகளை மூன்று தண்ணீரில் கழுவி, நிழல்வலைக்குள் காயவைத்து, இரண்டாவது, ஐந்தாவது, ஏழாவது வரிசைகளில் இருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். மேல் வரிசைகளில் எடுக்கவில்லை. பார்வைக்கு நன்றாக இல்லை. வெட்டு முடிந்த வயலின் மண்ணும், மேல்மண், அடிமண் என்று வரிசைக்கு இரண்டு பொட்டலம், எண் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

கு. குறுஞ்செய்தி: மஞ்சள் மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? பின்பு என்று அனுப்பினேன்.

ஜூலை 7

கிலோவுக்குப் பதினான்கு கிராம்.

காய்ந்த இலை ஒரு கிலோவில் பதினான்கு கிராம் நிக்கல். நாங்கள் நான்கு எதிர்பார்த்தோம். ஐந்து வந்தால் கொண்டாடலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். டாக்டர் சம்பந்தம் போனில் சிரித்துக்கொண்டே இருந்தார். “மங்கை, மெயில் பாத்தீங்களா? ரெண்டு தரம் டெஸ்ட் பண்ணச் சொன்னேன். அதே நம்பர்.” திட்டத்தை மூன்று வருடம் நீட்டிக்கக் கேட்கப்போகிறாராம். கள அலுவலர் நானேதானாம். அடுத்த மாதம் பார்வையாளர்களை அழைத்து வருகிறாராம்.

மூன்று வருடம். இந்த வீட்டில், இந்த ஜன்னல், இந்த ஒற்றை அடுப்பு. அண்ணன் வீட்டு மாடி அறைக்குத் திரும்ப வேண்டியதில்லை. திருச்சியில் இருந்து யார் எதைக் கேட்டாலும், எனக்கு இங்கே வேலை இருக்கிறது என்று சொல்லலாம்.

சேமியா பாயசம் வைத்தேன். ஒரு டம்ளர் இருசாயி அக்காவுக்கு.

ஜூலை 10

அக்காவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. டாக்டர் சம்பந்தம் நேரடியாகவே அவருக்குப் பேசியிருக்கிறார். மீதி ஒரு ஏக்கரையும் ஆணிச்செடிக்கு விட்டுவிடலாம், விளைச்சலில் பங்கு என்று சொல்லியிருக்கிறார்.

“சோளத்த அழிச்சுட்டா மாட்டுக்கு என்ன போடுவீங்க அக்கா?”

“மாட்டையே குடுத்துடலாம்னு இருக்கேன். ரெண்டு லிட்டரு கறக்கறதுக்கு இருவது வருசமாப் புல்லு சொமந்தாச்சு. இந்தச் செடிக்குப் புல்லு வேணாம், புண்ணாக்கு வேணாம். ஒதைக்காது.” சிரித்தார். பிறகு செவலையின் கழுத்துக்கு அடியில் கையை விட்டுச் சொறிந்துகொண்டே இருந்தார். அது கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டியது.

“நீங்க சொல்லுங்க மேடம். படிச்சவங்க. ஏறங்கலாமா?”

டாக்டர் சொல்லிவிட்டாரே என்றேன்.

“டாக்டரை நான் எங்க பாத்தேன்? ஒங்களத்தான் பாத்தேன்.”

ஜூலை 18

மண் அறிக்கை வந்தது. செடி உறிஞ்சிய பிறகு மண்ணில் நிக்கல் கொஞ்சமாவது குறைந்திருக்க வேண்டும். மேட்டு வரிசைகளில் லேசாகக் குறைந்திருக்கிறது. கீழ் எட்டு வரிசைகளில் கூடியிருக்கிறது. அதுவும் மேல்மண்ணில் மட்டும்.

ஆய்வகத்தில் பொட்டலங்களை மாற்றியிருப்பார்கள். இல்லை, நடுவதற்கு முன் எடுத்த அறிக்கையின் எண்ணையும் இப்போதையதையும் இடம் மாற்றிப் போட்டிருப்பார்கள். நடக்கக்கூடியதுதான்.

ஜூலை 19

ஒட்டடை அடித்தேன். கேஸ் சிலிண்டர் பதிந்தேன். பழைய புடவை இரண்டைத் தலையணை உறையாகத் தைத்தேன்.

ஜூலை 20

ஆய்வகத்துக்குப் போன் செய்தேன். மாறவில்லையாம்.

ஜூலை 22

வயலின் கீழ்க்கோடிக்கு நடந்து போனேன். சாலையைத் தாண்டினால் ஓடை. ஓடைக்கு மேலே வண்டிப் பாகங்களுக்கு முலாம் பூசும் சின்னப் பட்டறை. பெயர்ப் பலகைகூட இல்லை. அதன் பின்சுவரில் இருந்து ஒரு குழாய் ஓடையில் விழுகிறது. தண்ணீர் அழகாக இருந்தது. இளம்பச்சை.

ஓடைக் கரையில் குடம் வைத்து வைத்து ஒரு வட்டப் பள்ளம். அங்கிருந்து எங்கள் முதல் வரிசை வரை நேராக ஒரு ஒற்றையடித் தடம். புல் முளைத்து மூடத் தொடங்கியிருக்கிறது.

ஜூலை 23

இருசாயி அக்கா வந்து சொன்னார். நாளை மறுநாள், வெள்ளிக்கிழமை, தரகர் வந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறார். சனிக்கிழமை டிராக்டருக்குச் சொல்லியாகிவிட்டது. சோளம் தட்டு முற்றாமல் பச்சையாக நிற்கிறது. அப்படியே மடக்கி உழுதுவிடுவார்களாம்.

சரி என்றேன். அந்தச் சொல் எனக்குச் சுலபமாக வருகிறது.

எழுதிவிடுகிறேன். மே 9 அன்று அக்கா கேட்டது என்னவென்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. ‘ஏதோ கேட்டார்’ என்று எழுதியது பொய். அவர் சொன்னது: “கெணறு வத்திப்போச்சு மேடம். பட்டறத் தண்ணி சும்மாதான் ஓடுது. அதுல நிக்கலுதான கலந்து வருதாம்? நிக்கலு திங்கற செடிக்கு நிக்கலுத் தண்ணி ஊத்துனா நல்லதுதானுங்களே? ஊத்தட்டுங்களா?”

எவ்வளவு சரியாக யோசித்துக் கேட்டிருக்கிறார். நான் சொல்லிக்கொடுத்ததை வைத்து அவர் போட்ட கணக்கு அது. ஊத்துங்க என்றேன். ஸ்ட்ரெச்சரில் கு.வின் கால் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை மூட வேண்டும் என்பது மட்டுமே என் மனதில் இருந்தது. ஊத்துங்க அக்கா, எது இருக்கோ ஊத்துங்க என்றேன்.

பன்னிரண்டு நாள் அந்தத் தண்ணீரைக் குடித்த செடியில்தான் பதினான்கு கிராம். இந்த மண்ணில் இருந்து வந்தது அல்ல. மண்ணுக்கு நாங்கள் கொடுத்தது. மே 21 அன்று அக்கா குடம் என்று சொன்னபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தது. பேனாவை மாற்றிக்கொண்டு எழுதியவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்.

ஜூலை 24

காலையிலேயே போனேன். அக்கா பால் கறந்துகொண்டிருந்தார். சொம்பு நிறையும் வரை நின்றேன். பிறகு சொன்னேன். எண் தவறு. செடி அவ்வளவு எடுக்காது. பட்டறைத் தண்ணீரால் வந்தது. சோளத்தை அழிக்க வேண்டாம், மாட்டைக் கொடுக்க வேண்டாம்.

சொம்பின் நுரையை விரலால் ஒதுக்கினார்.

“அப்ப நான்தான் கெடுத்துப்போட்டனா?”

“இல்லக்கா. நீங்க கேட்டீங்க. நான்தான் ஊத்தச் சொன்னேன்.”

“கேட்டேன்ல? அதான பாத்தேன். கேக்காம ஒரு கொடம் ஊத்தியிருக்க மாட்டேன்.” எழுந்தார். கையை முழங்காலில் ஊன்றித்தான் எழுந்தார். “பன்னண்டு நாளுங்க மேடம். ஒரு நாளைக்கு அறுவது எழுவது கொடம். முட்டி வீங்கிப்போயி எண்ணெய் தேச்சுக்கிட்டுப் படுத்தேன். செடி செத்தா ஒங்களுக்கு வேல போயிருமேன்னு ஊத்துனேன்.”

சொம்பைத் தூக்கித் திண்ணையில் வைத்தார்.

“மாட்டுக்கு அந்தத் தண்ணியக் காட்டுனேன், தெரியுங்களா? மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. மாட்டுக்குத் தெரிஞ்சது எம்மேக்குத் தெரியல.”

“எம்மேன்னா என்னக்கா?”

“எம்மேதான மேடம் நீங்க படிச்சது?”

“எம்மெஸ்ஸி.”

“அது இன்னும் மோசம்,” என்றார். சிரிப்பு வரவில்லை அவருக்கு. எனக்கும் வரவில்லை. ஆனால் சொம்பில் இருந்து அரை டம்ளர் பாலை ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். பிறகு தரகருக்குப் போன் போட்டார். “மாடு இல்லீங்ண்ணா. ஆமா, மனசு மாறிருச்சு. மாடு மாறல, நான்தான் மாறுனேன்.” வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நாளைக்கு வந்து சொல்லியிருந்தீங்கன்னா?”

நாளைக்கு என்றால் மாடு போயிருக்கும். அவர் அதைச் சொல்லவில்லை. சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஜூலை 25

டாக்டர் சம்பந்தத்திடம் பேசினேன். பட்டறைத் தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். “வரிசைக்கு வரிசை வித்தியாசம் இருக்கத்தான் செய்யும், மங்கை. விசிட் முடியட்டும். அப்புறம் நிதானமா மறு ஆய்வு பண்ணிக்கலாமே” என்றார். பதிவேட்டில் கிணற்று நீர் என்றுதானே இருக்கிறது என்றும் கேட்டார்.

அது நான் வயலில் இல்லாத நாட்களில் எழுதியது என்றேன்.

“எங்க இருந்தீங்க?”

“திருச்சியில. என் கணவருக்கு ஆபரேஷன்.”

அந்தச் சொல்லை நான்கு வருடமாக வாயால் சொல்லவில்லை. இதற்காகச் சொல்ல வேண்டிவந்தது. அதையும் சேர்த்து மின்னஞ்சலில் எழுதி அனுப்பினேன். மேட்டு வரிசைகளில் கட்டி வைத்திருந்த காய்ந்த கிளைகளில் இருந்து புதிதாக மாதிரி எடுத்தேன். முட்டி வலியால் தப்பித்த நாலு வரிசை. இவ்வளவு நாள் ‘பார்வைக்கு நன்றாக இல்லை’ என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 4

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு மனு. இருசாயி அக்கா கையெழுத்தில் ‘இ’யைச் சுழித்துச் சுழித்துப் போட்டார். “பட்டறக்காரன் நம்மளச் சும்மா விட மாட்டான்” என்றார். பிறகு, “அவனும் நம்ம ஓடையச் சும்மா விடலியே” என்றார்.

ஆகஸ்ட் 14

மேட்டு வரிசைகளின் முடிவு: கிலோவுக்கு மூன்றரை கிராம்.

செடி பொய் சொல்லவில்லை. இந்த மண்ணில் இருந்து அது எடுக்கக்கூடியது இவ்வளவுதான். தரிசாகக் கிடக்கும் சுரங்கச் சரிவுகளில் நடலாம். ஒருவர் மாட்டுத் தீவனத்தை அழித்துவிட்டு நடுவதற்கு இது போதாது. டாக்டர் சம்பந்தம் பார்வையாளர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். நீட்டிப்பு இல்லை. திட்டம் டிசம்பரோடு முடிகிறது. என்னைப் பற்றி என்ன முடிவு செய்வார்கள் என்று எழுதவில்லை. மெயிலின் கடைசி வரியில் ‘உங்கள் கணவர் நலமா’ என்று கேட்டிருந்தார். கேலியா, அக்கறையா என்று தெரியவில்லை. நலம் என்று பதில் போட்டேன். பிறகுதான், நலமா என்று திருச்சிக்குப் போன் செய்து கேட்டேன்.

குலோத்துங்கன் தெருமுனை வரை நடக்கிறாராம்.

ஆகஸ்ட் 18

சோளம் கதிர் வைக்கவில்லை. எப்போதும் போலத் தட்டுதான். அக்கா அறுக்க ஆரம்பித்துவிட்டார். பதிவேட்டைத் திருத்த நான் வயலுக்கே எடுத்துக்கொண்டு போனேன்.

“கீழ எட்டு வரிசையப் புடுங்கிடலாங்களா?” என்றார்.

வேண்டாம் என்றேன். வெட்டிய கட்டைகளில் துளிர் ஒரு சாண் வந்திருக்கிறது. இன்னும் நாலைந்து வெட்டு வெட்டினால், ஊற்றியதில் ஒரு பங்கையாவது அது திரும்ப எடுக்கும். முழுவதும் எடுக்க எத்தனை வருடம் ஆகும் என்று தெரியாது. டிசம்பருக்குப் பிறகு சம்பளம் இல்லாவிட்டாலும் வெட்டலாம். வீட்டுக்காரரிடம் அடுத்த வருடத்துக்கும் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அருகில் ஒரு கல்லூரியில் பகுதிநேர வேலை கேட்டிருக்கிறேன்.

“அப்ப நாம ஊத்துனத நாமளே எடுக்கறதுக்குத்தான் இந்தச் செடி.”

“இப்போதைக்கு அப்படித்தான் அக்கா.”

பதிவேட்டில் திருத்துவதற்கு ஒரு முறை உண்டு. தவறை அழிக்கக் கூடாது, தீட்டி மறைக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு. கீழே இருக்கும் பழைய எழுத்து தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதித் தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். மே 5 முதல் 8 வரை, ‘கிணற்று நீர்’ மேல் கோடு போட்டு, ‘அளவு தெரியாது, நான் இல்லை’ என்று எழுதினேன். மே 9 முதல் 20 வரை, ‘பட்டறை ஓடை நீர், அறுபது எழுபது குடம், கீழ் எட்டு வரிசைகளுக்கு மட்டும்.’

அக்கா அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

“யாரு ஊத்துனதுன்னு போடலியே மேடம்?”

“அது வேண்டாம்கா.”

“ஏன் வேணாம்? பன்னண்டு நாளு சொமந்தது நானு. எம்பேரு இருக்கோணும்.”

எழுதினேன். ஊற்றியவர்: இருசாயி. அவர் அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்து நகர்த்தி, சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். கீழே ஒரு வரிக்கு இடம் இருந்தது. பேனாவை மாற்றாமல் அதையும் எழுதினேன்.

ஊற்றச் சொன்னவர்: மங்கையர்க்கரசி.